கடவுளுக்கு லைஃப் சர்டிபிகேட்

கடவுளும் என்னைப் போல ஒரு பென்ஷன்காரர் என்பது என் கட்சி. உலகத்தைச் செய்தார், சூரியனையும் மழையையும் ஓடவிட்டார், பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனி யார் கூப்பிட்டாலும் வரமாட்டார். ஆனால் வேலை சுத்தம்! ஏரி நிரம்பி வயல் பச்சை கட்டுவதைப் பார்த்தாலே, யாரோ யோசித்துச் செய்தது என்று தெரியவில்லையா?

என் சிநேகிதன் ஏகாம்பரத்துக்குத் தெரியாது. காஞ்சிபுரத்துச் சாமியின் பெயரை வைத்துக்கொண்டு சாமியே இல்லை என்பான். லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவன். "கம்பம் கம்பமா மேல ஏறிப் பாத்தவன் நானு. அங்க ஒருத்தரும் இல்ல கோபாலு" என்பான்.

போன வாரம், நாங்கள் உயிரோடு இருப்பதை நிரூபிக்க உத்திரமேரூர் பஜாரிலுள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனோம். பென்ஷன்காரன் வருடத்துக்கு ஒரு முறை நிரூபித்தாக வேண்டும். எனக்கு அன்றுதான் கடைசி நாள். தவறினால் பென்ஷன் நின்றுவிடும். வரிசையோ செங்கல்பட்டு வரை நீண்டிருந்தது.

ஏகாம்பரம் கட்டைவிரலை வைத்தான், உயிரோடு இருந்தான். என் விரலை மிஷின் ஏற்கவில்லை. முப்பது வருடம் சர்வேயராகச் சங்கிலி இழுத்ததில் என் ரேகையெல்லாம் தாலுகா முழுக்கச் சிந்திவிட்டது. பத்து விரலையும் வைத்தேன். செருப்பைக் கழற்றிக் கால் விரலையும் நீட்டினேன். சென்டர் நடத்தும் ஷீபா முறைத்தாள்.

ஏகாம்பரத்துக்குத் தீபாவளி. "உங்க ஆளும் பென்ஷன்காரர்னியே, எந்த வருசம் லைஃப் சர்டிபிகேட் குடுத்தாரு? உன்னியே மிஷின் ஒத்துக்கல, அவர நான் எப்டிய்யா ஒத்துக்கறது?"

"நான்தான் எதிர்ல குந்திக்கினு கீறனே!"

"நீ கீற. அவரு எங்க குந்திக்கினு கீறாரு?"

"செஞ்சதப் பாருய்யா. சர்வே கல்லு நட்டுகீதுன்னா சர்வேயர் வந்தான்னுதான அர்த்தம்?"

"சாணி கெடந்தா மாடு வந்துச்சுன்னுதான் அர்த்தம். அது யோசிச்சா போட்டுச்சு?"

வரிசையே சிரித்தது.

கடைசி வழி முகம். ஷீபா போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "கண்ண சிமிட்டுங்க சார். அப்பதான் உசுரு கீதுன்னு எடுத்துக்கும்."

சிமிட்டு என்றால் சிமிட்ட வருமா? கோயில் துவாரபாலகர் மாதிரி விழித்தேன். இரண்டு முறை தோற்றது.

"இன்னும் ஒரே தடவதான் சார். அப்புறம் லாக் ஆயிடும்."

ஏகாம்பரத்தின் சிரிப்பு நின்றுவிட்டது. மறுபடி போனைப் பார்த்தேன். கண் இரண்டும் கல்லாகிவிட்டன. திடீரென்று என் காதருகே ஒரு கத்தல்:

"யோவ் கோபாலு! கடவுள் கீறாருய்யா!"

ஐம்பது வருடச் சிநேகத்தில் அவன் வாயில் வராத வார்த்தை! என் இமைகள் ஆயிரம் தடவை படபடவென்று அடித்துக்கொண்டன.

"ஆயிடுச்சு சார்!" என்றாள் ஷீபா.

நான் துள்ளி எழுந்தேன். "இன்னா சொன்ன? இன்னொரு தபா சொல்லு!"

"நீ கண்ண சிமிட்டணும்னுதான் அப்டி சொன்னேன்யா."

"அப்ப ஒரு நோக்கத்தோடதான சொன்ன?"

"என் நோக்கம்யா அது! உங்க ஆளோடது இல்ல. பேஜார் பண்ணாத, டீ வாங்கிக் குடு."

எனக்காகத் தன் கட்சியையே ஒரு நொடி விட்டுக்கொடுத்தவனுக்கு வெறும் டீ போதுமா? கூடவே உளுந்து வடையும் வாங்கினேன். வடையின் ஓட்டையை அவன் மூக்குக்கு நேரே பிடித்து, "இது தானா வுழுந்துச்சா?" என்று ஆரம்பித்தேன்.