ஷில்லாங் கைமாறிய விதம்

மனம் மாறுவது ஒருவருடைய மண்டைக்குள்ளேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடும் காரியம் என்று, படித்தவர்கள் உட்பட, பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இது மிகுந்த கவலைக்குரிய பிழை. சில்லறை மாற்றுகிறோம், மோதிரம் மாற்றுகிறோம், மாலை மாற்றுகிறோம். எதை மாற்றினாலும் இரண்டு தரப்பு வேண்டியிருக்கிறது. மனத்துக்கு மட்டும் விதிவிலக்குத் தர இலக்கணத்தில் இடமில்லை. தாமரைப்பட்டணத்தில் இந்த விதி ஒழுங்காக நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஒருவர் மற்றொருவரின் மனத்தை மாற்றினால், தன் எண்ணத்தை அவரிடம் கொடுத்துவிட்டு அவருடையதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.

இதனால் பெரிய தொந்தரவு ஒன்றும் கிடையாது. நோயாளியைச் சிகரெட்டை விட வைத்த டாக்டர், மருத்துவமனைக்குப் பின்புறம் நின்று புகைத்துக்கொண்டிருப்பார். தேர்தல் சமயத்தில் கட்சிகள் ஒரு பேச்சாளரை ஒரு கூட்டத்துக்கு மேல் பயன்படுத்துவதில்லை. ஒரே மேடையில் ஐந்நூறு பேரை மனம் மாற்றிய ஒருவர், ஐந்நூறு மடங்கு எதிர்க்கட்சிக்காரராகிப் படியிறங்கினார். அவரை நான்கு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த தணிகாசலத்துக்கு இதெல்லாம் தெரியும். அதனால்தான், அவருடைய மனைவி வசுமதிக்கு ஷில்லாங் கிளையின் மேலாளராக வங்கி பதவி உயர்வு கொடுத்தபோது, அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். அவள் போகக் கூடாது என்பது அவருடைய எண்ணம். போயே தீர வேண்டும் என்பது அவளுடையது. அவர் பேசி ஜெயித்தால் அவள் இங்கே இருப்பாள். அவர் ஷில்லாங்கில் இருப்பார். அவள் பேசி ஜெயித்தாலும் அதேதான். எப்படிப் பார்த்தாலும் வீட்டில் ஒரு ஆள் குறையும்.

எனவே இருவரும் இரவுச் சாப்பாட்டின்போது, பலவீனமான வாதங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பேசினார்கள்.

"அங்க ரொம்பக் குளிருமாம்" என்றார் தணிகாசலம்.

"ஸ்வெட்டர் போட்டுக்குவேன்."

"நல்லெண்ணெய் கிடைக்காது."

"இங்கேருந்து எடுத்துட்டுப் போறேன்."

"நீ இல்லாம எனக்கு..."

"ஏங்க, நிறுத்துங்க" என்றாள் வசுமதி பதறிப்போய். "ஜெயிச்சுத் தொலைச்சுடாதீங்க."

அவர் மோரை ஊற்றிக்கொண்டார்.

மூன்றாவது ஆள் ஒருவர் பேசுவதுதான் வழி. அந்த ஆளுக்கு வசுமதி போகக் கூடாது என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்க வேண்டும். அவர் ஷில்லாங் போவதில் ஊருக்கு நஷ்டமும் இருக்கக் கூடாது. இரண்டுக்கும் பொருந்தியவன் வசுமதியின் தம்பி குணாளன். அவனுக்கு வேலை கிடையாது. தினமும் காலையில் அக்கா வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடுவான். தோசை சுடுவது தணிகாசலம். அக்கா போய்விட்டால் அத்தான் தனக்காக மட்டும் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான், கணக்கு சரிதான்.

"மாப்ளே, நீ பேசு உங்க அக்காகிட்ட."

"நான் பேசினா, நான்ல ஷில்லாங் போகணும் அத்தான்?"

"போகணும்னு உனக்கே தோணும்டா. தோணுறப்ப கஷ்டமா இருக்காது."

குணாளன் சட்னியைத் தொட்டு நக்கியபடி யோசித்தான். அதில் அவனால் குற்றம் காண முடியவில்லை.

பெரிய விஷயத்தை நேராகக் கேட்கக் கூடாது, சின்னதாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டால் பெரியது அதன் பின்னாலேயே வரும் என்று தணிகாசலம் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் குணாளன், பெட்டி கட்டுவதை நாளைக்குத் தள்ளிப் போடும்படி அக்காவைக் கேட்டான். அவள் சரி என்றாள். அன்று மாலை அவன் கடைத்தெருவில் ஒரு குரங்குக் குல்லா வாங்கினான். அடுத்த நாள், ரயில் டிக்கெட்டை இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்ளலாமே என்றான். அவள் அதற்கும் தலையாட்டினாள். அவன் குல்லாவைப் போட்டுக்கொண்டு மேகாலயாவின் மழையளவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தான். வாரக் கடைசியில், காரணம் எதுவும் சொல்லாமல், "போகாதேக்கா, போகாதேக்கா" என்று ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சொன்னான். காரணங்களால் அசையாதவர்கள் இதற்கு அசைவதுண்டு. கடைசி "போகாதேக்கா" வாயிலிருந்து வந்த கையோடு எழுந்து, அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்விட்டான். ஷில்லாங்கில் அவனை மேலாளராகவே எடுத்துக்கொண்டார்கள். வங்கி அனுப்பிய எண்ணம் அவனிடம் முழுதாக இருந்தது, மற்றதெல்லாம் கையெழுத்துதானே.

மறுநாள் காலை தணிகாசலம் மகிழ்ச்சியோடு சமையலறைக்குப் போனார். வசுமதி, குணாளன் உட்காரும் நாற்காலியில் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"அத்தான், முறுகலா ஒண்ணு" என்றாள். "சட்னி கெட்டியா."

எண்ணங்கள் தனியாக வருவதில்லை. தங்கள் காரணங்களையும் மூட்டை கட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். இதை மறந்தது தணிகாசலத்தின் தவறு. வசுமதி இப்போது போகமாட்டாள். ஆனால் அவள் இருப்பது தோசைக்காக. பாத்திரத்தில் மாவு தீர்ந்த நாளில் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்தார். தினமும் கொஞ்சம் அதிகமாக மாவு அரைத்துப் பார்த்தார். அவளுக்குத் திருப்தி. அவருக்குத்தான் இல்லை.

அவளை அவருக்காக இருக்கவைக்கும் எண்ணம் அந்த ஊரில் ஒரே ஓர் ஆளிடம்தான் இருந்தது. அது அவரிடமே இருந்தது. கொடுத்தால் கையை விட்டுப் போய்விடும்.

ஒரு வாரம் யோசித்தார். கடையில் ஒருவருக்குக் கிட்டப்பார்வைக்குப் பதிலாகத் தூரப்பார்வைக் கண்ணாடியை மாட்டி அனுப்பினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"வசு, தோசை இருக்கட்டும். சாயங்காலம் நீ பேங்க்லேருந்து வந்து வாசல்ல செருப்பைக் கழட்டி உதறுவ பாரு, அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது முடியும். நீ லேட்டா வந்தா, யாரு வந்தாலும் அவங்க காலைத்தான் நான் பார்த்துட்டு இருப்பேன். ஊர்ல எத்தனை செருப்பு இருந்தாலும், உன்னோட செருப்பு..."

வாக்கியத்தின் முடிவுக்கு வந்தபோது, அதை எதற்காகத் தொடங்கினோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. வசுமதியின் கண்கள் நிறைந்திருந்தன. அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்லைப் போடு வசு" என்றார் தணிகாசலம். "பசிக்குது."

அன்றிலிருந்து வசுமதி தோசை சுட்டாள். மாலையில் அவள் வாசலில் காத்திருப்பாள். அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் முகம் மலரும். அவர் நேராக மேஜைக்குப் போவார். அவருக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான்காம் நாள் அவள் அவர் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, இதை நான் ஒருத்தியே வச்சுக்கிட்டு இருக்க முடியலைங்க. கனமா இருக்கு. இத்தனை வருஷமா எப்படிங்க தூக்கிட்டு நடந்தீங்க?"

"எதை?"

"சொல்றேன், கேளுங்க" என்றாள். பஸ்ஸில் நிற்பவர் உட்கார்ந்திருப்பவரிடம் பையைக் கொடுப்பதுபோல, சொல்லிச் சொல்லி அதை அவர் மடியில் வைத்தாள். அவருக்குச் செருப்புச் சத்தம் நினைவுக்கு வந்தது. அவளுக்குப் பசித்தது. அவர் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

இப்படியே ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்துக்கொண்டார்கள். யாரிடம் அது இருக்கிறதோ அவர் சுடுவார், இல்லாதவர் சாப்பிடுவார். அக்கம்பக்கத்தில் பொறாமைப்படும் அளவுக்கு இருவரும் நன்றாக இருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு மாலை குணாளன் போன் செய்தான். தணிகாசலம் மாவைக் கரைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், அக்கா எப்படி இருக்கா?"

"சாப்பிட்டுட்டு இருக்கா. இன்னைக்கு என் முறை. அங்க எப்படிடா?"

"வந்ததுலேருந்து இங்க ஒரே மழை அத்தான். ஒரு கஸ்டமரும் வரலை. நேத்து வாசல்ல நின்னு மழைகிட்ட நல்லவிதமா எடுத்துச் சொன்னேன்."

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. நின்னுடுச்சு. ஊரே காய்ஞ்சு கிடக்கு."

தணிகாசலம் போனைக் காதிலிருந்து எடுத்து, ஈரத்தைத் துண்டால் துடைத்தார். மறுபடி காதில் வைத்தார், மறுபடி துடைத்தார். வசுமதி சாப்பாட்டிலிருந்து எழுந்து, போனுக்கு அடியில் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.