எட்டுப் பேருக்கான மேசை

அந்தச் சொல்லை நான் எந்த ஊர் உச்சரிப்பில் சொன்னேன் என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. நாங்கள் கோபன்ஹேகனுக்குப் போனது நவம்பரில் என்று நான் சொல்வேன். இங்கெலா அக்டோபர் கடைசி என்பாள். ரயில் சீட்டைத் தேடினால் தெரிந்துவிடும், நான் தேடவில்லை. மாதம் எதுவாக இருந்தாலும் பாதகமில்லை. ஆனால் அந்தச் சொல்லை ஸ்வீடன்காரனாகச் சொன்னேனா, டென்மார்க்காரனைப் போலச் சொன்னேனா என்பதில் ஒரு வீடே தொங்கிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக அதை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். சொல்லச் சொல்ல அது இரண்டு விதமாகவும் கேட்கிறது.

இங்கெலாவும் நானும் அப்போது ஒன்பது வருடமாக ஜோடி. ஆனால் தனித்தனி வீடு. கோதன்பர்க்கில் அது யாருக்கும் வினோதமில்லை, அப்படி வாழ்கிறவர்களுக்கென்று ஒரு பெயரே உண்டு. வெள்ளிக்கிழமை மாலை நான் டிராம் பிடித்து அவள் வீட்டுக்குப் போவேன், ஞாயிறு மதியம் திரும்பிவிடுவேன். அவள் நகராட்சி நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறவள். கூரை முழுக்க எதிரொலிக்கும் இடத்தில் இருபது வருடம் பேசியவளுக்கு வீட்டிலும் குரல் இறங்காது. நான் அரசாங்க அறிக்கைகளுக்கு மெய்ப்புத் திருத்துகிறவன். ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாமல் வேலை பார்த்துவிட்டு வருவேன், அது எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை.

அந்த வருடம் ஒரு விளம்பரம் வந்தது. மூன்று அறையும் பெரிய கூடமும் உள்ள வாடகை வீடு. அதில் இருந்த கணவனும் மனைவியும் பிரிகிறார்கள், அவர்களுக்கு இரண்டு சிறிய வீடுகள் வேண்டும். எங்களிடம் இரண்டு சிறிய வீடுகள் இருந்தன. வாடகை ஒப்பந்தங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டால் போதும். நாங்கள் பார்க்கப் போனபோது அந்தப் பெண் எங்களுக்குக் காபி ஊற்றினாள், அவர் அவளுக்குப் பால் எடுத்துக் கொடுத்தார். "இந்த அலமாரிக் கதவு மழைக்காலத்துல ஒட்டிக்கும், லேசாத் தூக்கித் திறக்கணும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். படுக்கையறையில் ஒரே ஒரு போர்வை மடித்து வைத்திருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் பதில் சொல்வதாக இங்கெலா சொன்னாள். மாற்றிக்கொண்டுவிட்டால் திரும்பி வர வழியில்லை. என் ஒற்றை அறை வீட்டுக்காக நான் நகராட்சியின் வாடகை வீட்டு வரிசையில் பதினோரு வருடம் காத்திருந்தேன்.

"ஒரு தடவை கோபன்ஹேகன் போய்ட்டு வரலாம்" என்றாள் இங்கெலா. "மேசை நாற்காலி வாங்கறதுக்கு இல்ல, பாக்கறதுக்கு. அந்த வீட்டுக்குள்ள நாம எப்படி இருப்போம்னு ஒரு படமாவது மனசுல வரணும்ல?"

சனிக்கிழமை காலையிலிருந்து அங்கே கடை கடையாக நடந்தோம். அவள் கைப்பையில் அளவு நாடாவும் வண்ண மாதிரிச் சீட்டுகளும் அந்த வீட்டின் வரைபடமும் இருந்தன. வடிவமைப்பு அருங்காட்சியகத்தில் அறை அறையாக ஜோடித்து வைத்திருந்தார்கள். சோப்புத் தண்ணீரால் கழுவிக் கழுவி வெளுத்துப்போன ஓக் தரை, காகிதக் கயிறு பின்னிய நாற்காலிகள், மேசைக்கு ஒரு முழம் மேலே தாழத் தொங்கும் விளக்கு. ஒவ்வொரு அறையின் முன்னாலும் அவள் நின்று, "இது கூடத்துக்கு. இது நீ படிக்கிற மூலைக்கு" என்றாள். மூலை என்றுதான் சொன்னாள். என்னால் எங்கேயும் நிற்க முடியவில்லை. கடைகளில் உட்கார்ந்து பார்க்கச் சொன்ன நாற்காலிகளில் உட்கார்ந்தேன், உடனே எழுந்தேன். இரண்டு தடவை கை கழுவப் போனேன். ஒரு கடையில் படுக்கையின் மேல் இரண்டு போர்வைகளை, ஆளுக்கொன்றாக, நீளவாக்கில் மடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எங்கள் நாடுகளில் அநேகமாக எல்லா வீட்டிலும் அப்படித்தான். இருந்தும் அந்த இரண்டு மடிப்புகளுக்கும் இடையில் தெரிந்த விரல் அகல வெள்ளை விரிப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மூன்று கடை தள்ளிப்போய், அங்கிருந்து தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்ன, அங்கயே படுத்துட்டியா?"

மதியத்துக்குமேல் நோரெப்ரோ பக்கம் ஒரு பழைய மரச்சாமான் கடைக்குள் நுழைந்தோம். கடைக்காரர் பெயர் அஸ்கர். எழுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுவிட்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். அவர் டேனிஷில் பேசினார், நாங்கள் ஸ்வீடிஷில் பேசினோம். கடலுக்கு அந்தக் கரைக்காரர்களும் நாங்களும் எப்போதும் அப்படித்தான், பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வோம். கடையின் நடுவில் ஒரு நீண்ட மேசை இருந்தது. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். இங்கெலா அதன் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாள்.

"மேசை இருக்கட்டும்" என்றார் அஸ்கர். "வீட்டைச் சொல்லுங்க. எந்த மாதிரி வீடு வேணும்? நீங்க வேணாம்மா, நீங்க வந்ததுலேர்ந்து பேசிட்டேதான் இருக்கீங்க. அவர் சொல்லட்டும்."

"கேளுங்க, நல்லாக் கேளுங்க" என்றாள் இங்கெலா. "நானும் ஒன்பது வருஷமாக் கேக்கறேன். ஐயா மெய்ப்புப் பாக்கறவர். எழுத்துப்பிழை வந்துடும்னு வாயே தெறக்க மாட்டார்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான், "ரூலி" என்றேன்.

எழுத்தில் அது ஒரே சொல், உச்சரிப்பில்தான் கொஞ்சம் மாறும். எங்கள் கரையில் அதற்கு குதூகலம், கலகலப்பு என்று பொருள். நீரிணைக்கு அந்தப் பக்கம் அமைதி, சலனமின்மை. இதை வைத்து இரண்டு நாட்டிலும் பழைய நகைச்சுவைகள் உண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். நான் பல வருடமாக டேனிஷ் புத்தகங்கள் படிக்கிறவன். அவர் கேட்டார், அவர் மொழியில் பதில் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அஸ்கர் தலையை மெல்ல ஆட்டினார். இங்கெலாவின் முகத்தை நான் பார்த்தேன். குளத்தில் ஒரு குழந்தை முதல்முறை மிதக்கும்போதுதான் அது அப்படி மலரும்.

"நிஜமாவா?" என்றாள். எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.

திருத்திச் சொல்ல ஒரு நிமிடம் இருந்தது எனக்கு. அதை நான் பயன்படுத்தவில்லை. அதற்குள் அவள் மேசையை அளக்க ஆரம்பித்துவிட்டாள். "நாடாவைப் பிடி. கெட்டியாப் பிடி. கூடத்துல ஜன்னலோரமாப் போட்டா பால்கனிக் கதவு திறக்கும். ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி குடும்பம் வரலாம், குளத்துல வேலை பாக்கறவங்களைக் கூப்பிடலாம். உனக்கு யாரைக் கூப்பிடணும்?" எனக்கு யாரும் நினைவுக்கு வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். நாளை காலை வந்து முடிவு சொல்வதாக அஸ்கரிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, ஆனாலும் எங்களுக்காகத் திறப்பதாகச் சொன்னார்.

நாலரைக்கெல்லாம் இருட்டிவிட்டது. ஏரிக்கரை வழியாக விடுதிக்கு நடந்தோம். எந்த வீட்டிலும் திரைச்சீலை இல்லை, ஜன்னல்கட்டை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு விளக்கு எரிந்தது. பார்க்கிறவர்களுக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் நின்று பார்ப்பது மரியாதையில்லை. நடந்துகொண்டேதான் பார்க்க வேண்டும். இங்கெலா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழக்கமாக அவள் எனக்கு இரண்டடி முன்னால் போகிறவள். இரண்டாவது மாடியில் ஒரு வீட்டில் ஆறேழு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எழுந்து நின்று எதையோ நடித்துக் காட்டினாள், மற்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததால் சத்தம் கேட்கவில்லை.

"அது மாதிரி" என்றாள்.

"சத்தமில்லாம இருக்கறதாலதான் அழகா இருக்கு" என்று சொல்ல வந்தேன். அதற்குள் அந்த ஜன்னலைத் தாண்டிவிட்டோம். அடுத்த கட்டிடத்தில் ஒருவர் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் கண் அங்கேயே போனது. அவர் அறையில் ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு தட்டு. அந்த அறைக்குள் எங்கே என்ன இருக்கும் என்று, போய் இருந்தவனைப் போல எனக்குத் தெரிந்தது. இங்கெலாவின் கை கதகதப்பாக இருந்தது. அதை விட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை, இதை எழுதிவைக்கத்தான் வேண்டும். அந்தக் கையும் வேண்டும், அந்த நாற்காலியும் வேண்டும் என்றிருந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஞாயிறுவரை என்ற கணக்கில் இரண்டும் எனக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. அவளுக்கு அது போதவில்லை. அவள் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை என்பதால் போதும்போல என்று ஒன்பது வருடம் நான் நினைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை போனபோது அஸ்கர் கடையை மாற்றி வைத்திருந்தார். நீண்ட மேசை சுவரோரம் தள்ளியிருந்தது. நடுவில் ஒரு சின்ன வட்ட மேசை. இரண்டே நாற்காலிகள். மேலே தாழ்வாக ஒரு வெள்ளை விளக்கு. அதைத் தொங்கவிட ஏணி போட்டிருக்கிறார், ஏணி இன்னும் அங்கேயே நின்றது. மேசைமேல் இரண்டு கோப்பை காபியும் இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டியும்.

"உங்காளு நேத்து சொன்னதை யோசிச்சுட்டே இருந்தேன்" என்றார் இங்கெலாவிடம். "எட்டுப் பேர் மேசை உங்களுக்கு ஆகாதும்மா. அந்தச் சைஸு மேசை ஒரு வீட்டுக்குள்ள போச்சுன்னா எப்பவும் யாராவது வந்துட்டே இருப்பாங்க. அமைதியான வீடு வேணும்னாரே. சத்தம் போடாத சாமானா எடுத்து வெச்சிருக்கேன். உக்காந்து பாருங்க, தெரியும்."

நல்ல மனிதர். விடுமுறை நாளில் வந்து, தன் வயதில் ஏணி ஏறியிருக்கிறார்.

இங்கெலா உட்கார்ந்தாள். அந்த விளக்கு அவள் கைகளில் மட்டும் விழுந்தது, முகத்தில் விழவில்லை. எதிர் நாற்காலியை எனக்காக அஸ்கர் இழுத்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். 'இல்லை, நான் எங்க ஊர்ச் சொல்லாகத்தான் சொன்னேன்' என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பொய்யாகவே இருந்தாலும், அவள் அதை எடுத்துக்கொண்டிருப்பாள். உண்மையைச் சொல்வதற்கும் ஒரு வரி போதும். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். வெளியே ஒரு சைக்கிள் கீழே விழுந்து கிடந்தது. அதை யாராவது நிமிர்த்துவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அழகா இருக்கு" என்றது இங்கெலாவின் குரல். "ரொம்ப அழகா இருக்கு. ஆனா எங்களுக்கு வேணாங்க. ரொட்டி எடுத்துக்கட்டுமா?"

அவள் ரொட்டியை முழுவதும் சாப்பிட்டாள். காபியையும் குடித்தாள். அஸ்கர் ஏதோ தவறாகிவிட்டதை உணர்ந்து, விளக்கின் உயரத்தைச் சரிசெய்வதுபோல் கையை உயர்த்திவிட்டு இறக்கிக்கொண்டார்.

கடல் பாலம் தாண்டி எங்கள் நாட்டுக்குள் வந்ததும் ரயிலில் போலீஸ்காரர்கள் அடையாள அட்டை பார்க்க ஏறினார்கள். சின்ன வயசுப் பெண் ஒருத்தி எங்கள் அட்டைகளில் இருந்த இரண்டு கடைசிப் பெயர்களையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்தா வரீங்க?" என்று கேட்டாள்.

"வார இறுதியில மட்டும்" என்றாள் இங்கெலா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தாள்.

மால்மோ தாண்டி, வயல்கள் கறுப்பாகத் தெரிய ஆரம்பித்தபிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே இங்கெலா சொன்னாள். "நீ அந்த வார்த்தையைச் சொல்லும்போதே எந்த அர்த்தம்னு எனக்குத் தெரிஞ்சிருந்துதுன்னு நெனைக்கறேன்."

"தெரிஞ்சுமா மேசையை அளந்தே?"

"ஒரு நாள் பூரா நல்லா இருந்துதே, ஸ்டெல்லன்."

அதற்குப்பிறகு கோதன்பர்க்வரை நாங்கள் பேசவில்லை. என் வாழ்க்கையில் நான் நிம்மதியாக உணராத மௌனம் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை முதல் நீச்சல் வகுப்புக்கு முன்னால் இங்கெலா அந்தத் தம்பதிக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டாள். எனக்கு மதியம்தான் தெரிவித்தாள். நாங்கள் சண்டை போடவில்லை. மார்ச் மாதம்வரை வெள்ளிக்கிழமைகள் நடந்தன, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு நின்றன. அந்தத் தம்பதிக்கு மாற்றிக்கொள்ள வேறு ஆள் கிடைக்க எட்டு மாதம் ஆனது, அதுவரை அதே வீட்டில் இருந்தார்கள், பிறகு பிரிந்தார்கள். அஸ்கர் கடையை விற்றுவிட்டு ஓடென்ஸேயில் மகளோடு இருக்கிறார் என்று கேள்வி. இங்கெலா போரோஸில், மனைவியை இழந்த ஒருவரோடும் அவருடைய மூன்று பிள்ளைகளோடும் வாழ்கிறாள். என் பிறந்தநாளுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவாள், பின்னால் யாராவது எதையாவது கத்திக்கொண்டிருப்பார்கள். நான் இதே வீட்டில் இருக்கிறேன். போன வருடம் மேல்வீட்டுக்கு ஒரு பெரிய குடும்பம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் என் தலைக்குமேல் நாற்காலிகளை இழுக்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, எல்லாரும் உட்காரும்வரை காத்திருக்கிறேன்.