பதினொன்றாம் குடுவை

வானிலை அலுவலகத்தின் பதிவேட்டுப் பிரிவில் எனக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் நடைவழியில் நான் வருவது தெரிந்தால் பேச்சு சட்டென்று நிற்கும். இருபத்தாறு வருடமாக நான் செய்துவருவது ஒரே வேலைதான். ஊர் ஊராக வந்து சேரும் எண்களில் நம்பத்தகாதவற்றைப் பிடித்து நிறுத்துவேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

என் மேசையில் பச்சை அட்டை போட்ட ஒரு தடித்த பதிவேடு இருக்கிறது. 'இலையுதிர் கால உச்சங்கள்' என்று மேலே எழுதியிருக்கும். மரங்களில் இலை இருக்கும்போதே பனி கொட்டி, பாரம் தாங்காமல் கிளைகள் தெருவெல்லாம் முறிந்து விழுந்த வருடம் அதில் உண்டு. குளிர வேண்டிய மாதக் கடைசியில் வெயில் கொளுத்தி, பழம் பறித்து முடித்த மரங்கள் மறுபடி பூத்த வருடம் உண்டு. ரயில் நிலையத்தின் கூரையைக் காற்று கழற்றிக்கொண்டு போன வருடமும் உண்டு. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரே நாளில் பெய்த மழையின் உச்சம் இருநூற்றுப் பதினைந்து மில்லிமீட்டர். எண்பத்து மூன்று வருடமாக அந்த எண்ணை யாரும் தொட்டதில்லை.

தொட விட்டதில்லை என்பதுதான் சரி. அதைத் தாண்டி ஓர் அளவு வந்தால், தண்ணீரைக் கொட்டாமல் வைத்திருந்து, சமதளமான மேசைமேல் இரண்டாவது முறை அளக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் அந்த எண் செல்லும். ஆற்றுக் கட்டுப்பாட்டு அறையும் அதன் பிறகுதான் அபாயச் சங்கை ஊதும். அந்தச் சுற்றறிக்கையை எழுதியவள் நான்தான்.

மலை நிலையத்தில் மழைமானி பார்ப்பவன் என் தம்பி. சின்ன வயதில் அவனுக்குப் புளுகன் என்று பெயர். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் முதலையைப் பார்த்தேன் என்று அழுது புரண்டு, மொத்தப் பள்ளிக்கும் அரை நாள் விடுமுறை வாங்கிக் கொடுத்த மகராசன். வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தைக்கு அப்பாவான பிறகும் வீட்டில் அந்தப் பெயர் போகவில்லை. இந்த வேலைக்கு அவனைத் தயார்படுத்தியதும் நான்தான். இருபது மில்லிமீட்டர் பிடிக்கும் கண்ணாடிக் குடுவையில் தண்ணீரை ஊற்றி ஊற்றி எண்ணுவது எப்படி என்று என் வீட்டுச் சமையலறையில் வைத்துக் காட்டினேன். "எண்ணும்போது யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே. விட்ட இடம் மறந்துபோகும்" என்று மண்டையில் குட்டிச் சொன்னேன்.

அன்று காலை எட்டு நாற்பதுக்கு அவன் தொலைபேசி வந்தது. எங்கள் ஜன்னலுக்கு வெளியே இளவெயில். வாசலில் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எழுதிக்கோ. மூணு, ஒம்பது, ஒண்ணு."

"முப்பத்தொம்பது புள்ளி ஒண்ணு" என்று சொல்லியபடியே எழுதினேன்.

"புள்ளி இல்லக்கா. முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு."

நான் சிரித்துவிட்டேன். எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேசியிருக்கிறேன். அந்தச் சிரிப்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் போதும்.

"டேய், காலங்காத்தால முதலைக் கதைய ஆரம்பிக்காதே. எண்பது வருஷத்துலயே உச்சம் இருநூத்திப் பதினஞ்சு. இங்க வெயில் அடிக்குது."

"அங்க அடிக்கும். இங்க நேத்து காலைலேர்ந்து வானம் பொத்துக்கிட்டு ஊத்துது. ஓடை பாலத்துக்கு மேல போகுது. கைபேசி கோபுரம் சாஞ்சிடுச்சு, இந்த ஒரு லைன்தான் இருக்கு. அக்கா, இந்தத் தண்ணி மூணு மணி நேரத்துல கீழ வந்துடும். அவ மில்லுல இருக்கா. பாப்பாவும் அங்கதான் இருக்கா."

அவன் மனைவி ஆற்றங்கரை நெசவு மில்லில் தறி ஓட்டுகிறாள். குழந்தையை மில்லின் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள். உள்ளே போகிறவர்களின் கைபேசியை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். எழுதியிருந்த புள்ளியை அடித்தேன். இவன் எதை வைத்து வேண்டுமானாலும் புளுகுவான், குழந்தையை வைத்துப் புளுக மாட்டான்.

அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு தொலைபேசியில் மில்லைக் கூப்பிட்டேன். காவலாளி எடுத்தார்.

"மேனேஜர் பத்து மணிக்கு மேலதான் வருவாரு. சங்கு ஊதினா கதவைத் தொறப்பேன். யாரோ போன்ல சொன்னாங்கன்னு முந்நூறு பேர வெளிய விட்டா என் வேலை போயிடும்மா."

ஆற்றுக் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். அதுதான் வம்பாகப் போனது.

"ரெண்டாவது அளவு இருக்கா மேடம்?"

"இன்னும் இல்ல. அளக்கச் சொல்றேன். நீங்க முதல்ல சங்க ஊதுங்க."

"நீங்களா இதச் சொல்றது? போன வருஷம் ஒரே ஒரு அளவ வச்சு ஊதினேன்னு எனக்கு ரெண்டு பக்கம் கடிதம் எழுதினவங்க நீங்க. ரெண்டாவது அளவு வரட்டும், அடுத்த நிமிஷம் ஊதுறேன்."

அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் எனக்கு நினைவிருந்தது. நன்றாக எழுதியிருப்பதாக அன்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருந்தது.

மறுபடி தம்பியிடம் வந்தேன்.

"தண்ணிய வச்சிருக்கியா, கொட்டிட்டியா?"

"வாளியில மூடி வச்சிருக்கேன். நீ சொல்லிக் குடுத்ததாச்சே."

"அப்ப மேசை மேல வச்சு இன்னொரு தடவை அள. சத்தமா எண்ணு, நான் கேக்கறேன். அளந்தாத்தான் சங்கு ஊதுவாங்க."

மழைச் சத்தத்துக்கு மேல் அவன் குரல் வந்தது.

"அக்கா, பின்சுவத்துலேர்ந்து சேறு கசியுது. காலைல விரல் நுழையற மாதிரி இருந்த விரிசல்ல இப்ப கையே நுழையுது. எல்லாரும் கோயில் மேட்டுக்குப் போயிட்டாங்க. நான் இந்த எண்ணச் சொல்லத்தான் நின்னேன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும். அப்போது என் கண்முன்னால் மில்லின் பூட்டிய கதவுதான் நின்றது.

"பத்து நிமிஷம்டா. பத்தே நிமிஷம். எண்ணிட்டு ஓடிடு" என்றேன்.

"சரி" என்றான்.

தொலைபேசியை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அந்த அறை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, பின்சுவரை ஒட்டி அலமாரி, அதன்மேல் குழந்தையின் புகைப்படம். வாளியின் மூடி திறந்தது. தண்ணீர் குடுவையில் விழுந்தது.

"ஒண்ணு" என்றான்.

அவன் எண்ண எண்ண, நான் சும்மா இருக்க மாட்டாமல் கீழ்த்தட்டிலிருந்து எண்பத்து மூன்று வருடத்துக்கு முந்தைய மூலக் குறிப்பேட்டை இழுத்தேன். பச்சைப் பதிவேட்டில் இருப்பதெல்லாம் பிற்பாடு பார்த்து எழுதியவை. மூலத்தை நான் ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. திறக்க என்ன அவசியம்? அச்சடித்த மாதிரி எண் இருந்ததே.

"நாலு."

தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்தேன்.

"ஆறு. அக்கா, அலமாரி நகருது."

"எண்ணு, எண்ணு" என்றேன். பாவி நான், அப்படித்தான் சொன்னேன்.

"ஏழு."

அந்த நாளின் பக்கம் வந்தது. 215 என்று மையில் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பாத்திரம் நிரம்பி வழிந்துவிட்டது. அதற்கு மேல் பெய்தது தெரியவில்லை.'

இரண்டு முறை படித்தேன். அந்தக் காலத்துப் பாத்திரம் இருநூற்றுப் பதினைந்துதான் பிடிக்கும். எண்பத்து மூன்று வருடமாக நாங்கள் மழையின் உச்சம் என்று கட்டிக் காத்தது ஒரு தகரப் பாத்திரத்தின் விளிம்பு. அதைத் தாண்டி நிஜமாகவே பெய்த மழையையெல்லாம் பொய் என்று நான் கிழித்துப் போட்டிருக்கிறேன். எத்தனை பேரின் எண்களை, எத்தனை பேரை ஏளனம் செய்து.

"ஒம்பது" என்றது தொலைபேசி.

"டேய், போதும்! நீ சொன்னது சரிதான்! விட்டுட்டு வெளிய ஓடு!" என்று கத்தினேன். பிரிவு முழுவதும் திரும்பிப் பார்த்தது.

"பத்து."

"காது கேக்குதா? எண்ண வேணாம், ஓடுடா!"

"இரு அக்கா, பேசாதே. கணக்கு தப்பிடும்" என்றான். கண்ணாடியில் தண்ணீர் ஏறும் சத்தம். "பதினொண்ணு."

அதன் பிறகு ஒரு சத்தம் வந்தது. இடி இல்லை. பாரவண்டியில் இருந்து ஜல்லியைக் கொட்டுவது போல இருந்தது. அப்புறம் கம்பி ஊமையாகிவிட்டது.

மூன்று தடவை மலை நிலையத்தின் எண்ணைச் சுழற்றினேன். நான்காவது தடவை கை வேறு எண்ணுக்குப் போனது. என் குரல் எனக்கே அந்நியமாக, வழக்கமான கறார் குரலாக வந்தது.

"கட்டுப்பாட்டு அறையா? மலை நிலையத்தோட ரெண்டாவது அளவு வந்தாச்சு. முந்நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. ரெண்டும் பொருந்துது. சரிபார்த்தது நான்."

"நீங்க சொன்னா சரி மேடம்" என்றார் அதிகாரி.

ஒன்பது இருபத்திரண்டுக்குச் சங்கு ஊதியது. இருபத்தாறு வருடத்தில் நான் சொன்ன முதல் பொய்யை ஊரே நம்பி ஓடியது.

பன்னிரண்டுக்குள் மில்லின் கீழ்த்தளம் கூரை வரை முழுகிவிட்டது. மேட்டுப் பள்ளிக்கூடத்தின் வராந்தாவில் தம்பி மனைவியைக் கண்டுபிடித்தேன். நூல் தூசி ஒட்டிய தலையோடு, குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"சங்கு ஊதினதும் இது உங்க தம்பி வேலையாத்தான் இருக்கும்னு நெனச்சேன் அண்ணி. நல்லா இருக்காரா?"

குழந்தை என் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்து "அத்தை" என்றது. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

நான்காம் நாள்தான் நிலையத்தை மூடிய மண்ணை அகற்றி அவனை எடுத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகு அவள் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னாரு அண்ணி? எங்களப் பத்தி ஏதாவது?"

எதையாவது சொல்லியிருக்கலாம். அவன் குரலில் நான்கு நல்ல வார்த்தை கட்டியிருந்தால் அவள் ஆயுசுக்கும் வைத்திருப்பாள். எனக்கு முடியவில்லை.

"பதினொண்ணுன்னு சொன்னான்" என்றேன். அவனை அந்த அறையில் நிறுத்தியது யார் என்பதையும் சொன்னேன். அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. குழந்தையை மட்டும் அனுப்பிவைக்கிறாள். அதற்கே நான் தகுதியில்லாதவள்.

மாதக் கடைசியில் மூன்று பேர் கொண்ட குழு வந்தது. புதிய உச்சத்தைப் பச்சைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர் பேனாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே எழுதுங்கம்மா. ரெண்டு அளவும் இருக்கு, ஒரு சிக்கலும் இல்ல. தம்பி பேரு என்னிக்கும் நிக்கும்."

"ரெண்டாவது அளவு இல்ல சார்" என்றேன். "பதினொண்ணு வரைக்கும்தான் எண்ணினான். மிச்சத்த நான் சொன்னேன்."

தலைவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யாரும்மா இப்ப இதக் கேட்டாங்க? இதனாலதானே முந்நூறு பேரு பொழச்சாங்க? அப்படியே இருக்கட்டும். சொன்னா உங்க விதிப்படி அந்த அளவே செல்லாது. நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்துத்தான் வந்திருந்தேன். ஆயுசு பூராவும் அவனைப் புளுகன் என்று கூப்பிட்டோம். அன்றைக்கு அவன் சொன்னதில் ஒரு சொட்டுப் பொய் இல்லை. இருந்த ஒரே பொய் என்னுடையது. அதை அவன் பெயரில் எழுதி வைக்க மாட்டேன் என்றேன்.

"அப்ப பழைய இருநூத்திப் பதினஞ்சே இருக்கட்டும்னு சொல்றீங்களா?" என்றார் குழுவில் ஒருவர்.

"இல்ல சார். பதினொரு குடுவை நான் காதால கேட்டது. குடுவைக்கு இருபது. இருநூத்தி இருபது. அது வரைக்கும் ரெண்டு அளவும் பொருந்துது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விதியைப் புரட்டினார்கள். மறுக்க வழியில்லை.

220 என்று எழுதினேன். ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் எழுதவில்லை. எண்ணுக்கு நேர் கீழே, எண்ணின் அளவுக்கே பெரிதாக, மையால் எழுதினேன்: 'எண்ணிக்கை முடியவில்லை. மழை இதற்கு மேல்.' அளந்தவர் என்ற கட்டத்தில் அவன் பெயரை முழுதாக எழுதினேன். அடுத்த கட்டம் சரிபார்த்தவருக்கு. அதைக் காலியாக விட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.