இஸ்பிரீத்து சாந்து இல்லாமல்

சட்டியை இறக்கினோமா?

ஜெபமாலை மணியை உருட்டிக்கொண்டிருந்த பெர்னதெத்துக்கு அது ஒன்றுதான் மனதில் ஓடியது. அப்பாவிடம் ஓடி வந்தபோது ஒரு ஈடு எண்ணெயில் கிடந்தது. கையில் கரண்டி இருந்தது. அதற்குப் பிறகு சட்டியை யார் இறக்கினார்கள் என்று தெரியவில்லை. வீடு பற்றிக்கொள்ளவில்லை, ஆகவே யாரோ இறக்கியிருக்க வேண்டும். உதடுகள் பாட்டுக்கு "அர்ச்சிஷ்ட மரியாயே" என்றன.

முன்னறைக் கட்டிலில் அப்பா ஞானப்பிரகாசம் வெள்ளைக் கோட்டுடன் கிடத்தப்பட்டிருந்தார். தலைமாட்டில் மெழுகுவத்தி. அண்ணி நோரா சாம்பிராணியைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தும் வறுத்த மீனின் வாடை ஆஸ்டின் டவுனின் அந்தச் சின்ன வீட்டைவிட்டுப் போவதாயில்லை.

"மீன் நாத்தம் போகலையே. சாமியார் என்ன நெனப்பாரு?" என்றாள் நோரா.

"வெள்ளிக்கிழமைக்கு மீன்தானே? கறியா வறுத்தாங்க? ஒண்ணும் நெனக்கமாட்டாரு, விடும்மா" என்றாள் எதிர்வீட்டு அல்போன்சா அம்மாள்.

வாசலில் புதிதாக யார் தலை தெரிந்தாலும் நோரா எழுந்துபோய் ஒன்றையே சொன்னாள். "மாமா கடைசியா என்ன சொன்னாரு தெரியுமா? 'இஸ்பிரீத்து சாந்து இல்லாம என்ன பிரயோஜனம்'னாரு. தண்ணி எடுத்துக்கிட்டு வந்தவ, என் காதால கேட்டேன். அத்தோட முகம் செவுத்துப் பக்கம் சாஞ்சிடுச்சு."

கேட்ட பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியான இஸ்பிரீத்து சாந்து. ஒவ்வொரு முறையும் பெர்னதெத் தலையை இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டாள்.

யுத்த காலத்தில் அப்பா அமெரிக்கர்களின் மெஸ்ஸில் சமையல் பார்த்தார். அங்கே லூசியானாக்காரன் ஒருவன் தன் ஊர்ப் பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்தான். கெளுத்தி மீனை வேகவைத்து, முள் எடுத்து, வெங்காயம், குடைமிளகாய், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கிச் சேர்த்து, கண்ணில் நீர் வரும்படி மிளகாய்த்தூள் போட்டு, வட்டமாகத் தட்டி, மக்காச்சோள மாவில் புரட்டி வறுப்பது. அவன் தன் ஆட்களைக் கேஜன் என்பான். அதனால் வீட்டில் அது கேஜன் கட்லெட். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் மீன் வடை என்பார் அப்பா.

வெங்காயம் பிதா. குடைமிளகாய் சுதன். செலரிதான் இஸ்பிரீத்து சாந்து. ஏனென்றால் ரஸ்ஸல் மார்க்கெட்டில் அது எப்போது இறங்கும், எப்போது இறங்காது என்று ஒருவருக்கும் தெரியாது. இதை வெளியே சொன்னால் கோயிலில் நிற்கவிடமாட்டார்கள் என்று அவரே சிரிப்பார். அம்மா போய்ச் சேர்ந்தபின் அந்தச் சிரிப்பு அவர்கள் இருவருக்கு மட்டும் என்றாகிவிட்டது. அண்ணன் தியோடர் கோலாரில் வேலையோடு இருந்துவிட்டான்.

அமெரிக்கர்கள் கப்பலேறினார்கள். அப்பா படுக்கையில் விழுந்தார். அவர் விழுந்த பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அவள்தான் அடுப்படியில் நின்றாள். கட்டிலிலிருந்தபடியே அவர் சட்டியின் ஓசையைக் கேட்பார். "எண்ணெ காயல. காயலன்னா காயல, பேஜார் பண்ணாதே." தின்று முடித்தபின், "ஹோக்லி, போவட்டும், அடுத்த வாரம் பாப்போம்" என்பார். அடுத்த வாரமும் அதையேதான் சொல்வார். நன்றாயிருக்கிறது என்று ஒரு நாளாவது சொல்லிவிடுவார் என்று அவள் எதிர்பார்த்தாளா? எதிர்பார்த்தாள். அதை இப்போது ஒப்புக்கொள்வதில் என்ன வந்துவிடப்போகிறது?

அன்னம் இறங்காமல் கிடந்தவர் இன்று காலை கண் திறந்து, "கேஜன் பண்ணு" என்றார். சேதி கேட்டு வந்திருந்த தியோடர் சாமியாரைக் கூப்பிடக் கோயிலுக்குப் போயிருந்தான். கெளுத்தி வாசலிலேயே கூடைக்காரியிடம் கிடைத்தது. மார்க்கெட்வரை போய்வர அவள் காலில் வலு இல்லை. இரவெல்லாம் அவர் முதுகைப் பிடித்துவிட்ட உடம்பு. கொத்தமல்லித் தண்டை நறுக்கிப் போட்டாள்.

முதல் ஈட்டில் ஒன்றைப் பிட்டு அவர் வாயில் வைத்தாள். நாக்கில் வெகுநேரம் வைத்திருந்தார்.

"இஸ்பிரீத்து சாந்து?"

"மார்க்கெட் போகலப்பா. மல்லித்தண்டுதான் போட்டேன்."

"இஸ்பிரீத்து சாந்து இல்லாம... என்ன பிரயோஜனம்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கோபம் வந்தால் அவர் அப்படித்தான் திரும்பிக்கொள்வார். ஆகவே அவள் கரண்டியும் கையுமாக, கோபம் ஆறட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். அலறியது நோராதான்.

ஜெபமாலை முடிந்ததும் பெர்னதெத் எழுந்தாள். முழங்கால் நிமிர மறுத்தது. அடுப்படியில் சட்டி தரையில் இருந்தது. இரண்டாம் ஈடு கருகியிருந்தது. முதல் ஈடு தட்டில் மூடாமல் கிடந்தது. ஒன்றை எடுத்து, நின்றபடியே கடித்தாள். ஆறிப்போயிருந்தது. உப்பு சரியாக இருந்தது. காரம் சரியாக இருந்தது. மல்லித்தண்டு பல்லில் நறுக்கென்றது. முழுவதையும் தின்றாள்.

"பெர்னா, சாமி கூப்பிடுறாரு."

தியோடர் வாசற்படியில் நின்றான். கண்கள் வீங்கியிருந்தன. சாமியாரை அழைத்துக்கொண்டு அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "சாமி வந்து எண்ணெ பூசி அவஸ்தை குடுக்கறதுக்குள்ள போயிட்டாரே, பெர்னா. ஜட்காக்காரன் இன்னும் கொஞ்சம் ஜல்தியா ஓட்டியிருந்தா..." என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறுதல்" என்றான்.

முன்னறையில் சாமியார் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "நாளைக்குப் பூசையில அப்பாவோட கடைசி வார்த்தையைச் சொல்லலாம்னு இருக்கேன்மா. எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்? நோரா கதவுகிட்டதான் இருந்தாளாம். நீதான் பக்கத்துல இருந்தே. உன் வாயால ஒருமுறை சொல்லிடு."

"கல்லறைக் கல்லுலயும் அதையேதான் வெட்டச் சொல்லப்போறேன்" என்றான் தியோடர்.

அப்பாவின் முகத்தை யாரோ நேராகத் திருப்பி, தாடையைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவர் எல்லோருக்கும் பொதுவாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெர்னதெத் அண்ணனைப் பார்த்தாள். அவன் உதடுகள் அந்த வார்த்தைக்காக முன்கூட்டியே அசைந்தன.

"எனக்குச் சரியாக் காதுல விழல, சாமி."

"என்னடி சொல்றே? அண்ணிக்குக் கேட்டிருக்கு, உனக்குக் கேக்கலையா?"

"அண்ணிக்குக் கேட்டிருந்தா அண்ணி சொல்லட்டும்ணா. நான் சொல்லல. சட்டியில எண்ணெ சத்தம் போட்டுக்கிட்டிருந்துது."

உதட்டோரம் ஒட்டியிருந்த மாவுத் துகளைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, தன் இடத்துக்குப் போய் மறுபடி மண்டியிட்டாள்.