ஸ்டீயரிங்குக்குக் கொடுத்த கை

ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வைத்த வண்டிக்கு வீட்டில் யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டும். எங்கள் பிக்கப்புக்கு நான் கொடுத்தேன்.

அதற்கு முன்பு அது கரண்ட் ஸ்டீயரிங்காக இருந்தது. என் கணவர் வேடியப்பன் வாங்கும்போதே அப்படித்தான் வந்தது. தார் ரோட்டில் ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் எங்கள் மலையில் தார் ரோடு பாதியோடு நின்றுவிடும். அதற்கு மேலே கல்லும் சேறும்தான். கல்லுக்காக அவர் பெரிய டயர் மாட்டினார். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கொடுக்கும் மோட்டாருக்கு வேலை கூடிவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் சூடாகி நின்றுவிடும். பிறகு அவர் சீட்டிலிருந்து எழுந்து, முழு உடம்பையும் போட்டுத் திருப்புவார்.

ஒருநாள் பாம்பு கடித்த ஒருவரை மேலேயிருந்து ஏற்றிக்கொண்டு வரும்போது, வழியில் அது அப்படி நின்றது. அன்று எழுந்து நின்றும் திருப்ப முடியவில்லை. மோட்டார் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். மோட்டார் குளிர்ந்தபோது அந்த மனிதரின் உடம்பும் சில்லிட்டிருந்தது.

அடுத்த நாளே இருவரும் அடிவாரத்தில் மெக்கானிக் யாசினிடம் போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"கரண்டுக்குப் பின்னாடி ஆள் கிடையாதுண்ணே. சூடாச்சுன்னா விட்டுடும். ஹைட்ராலிக்னா எண்ணெய். எண்ணெய்க்குப் பின்னாடி ஆள் இருக்கும். மாத்திரலாம். உங்க வீட்ல யார் கை?"

வீட்டில் நாங்கள் மூன்று பேர். வண்டி ஓட்டுபவர் கை கொடுக்க முடியாது. என் கொழுந்தனார் முனிரத்தினம் புளியமரம் ஏறிக் காய் உலுக்குகிறவர். மரத்தில் இருக்கும்போது கை போனால் கீழேதான் வரவேண்டும். நான் ரவிக்கை தைக்கிறவள். தையல் மிஷினிலிருந்து யாரும் விழுந்ததில்லை.

"நான் தர்றேன்," என்றேன்.

வேடியப்பன் என்னைப் பார்த்தார்.

யாசின் பழைய மோட்டாரைக் கழற்றி ஒரு சாக்கில் வைத்தார். இன்ஜின் பக்கத்தில் ஒரு தகடு பற்ற வைத்து அதில் பம்பை மாட்டினார். பம்பைச் சுற்ற பெல்ட் போட்டார். சக்கரங்களுக்கு நடுவே புது ஸ்டீயரிங் பெட்டியை வைத்து, இரண்டு ஹோஸ் இழுத்து, சிவப்பு எண்ணெய் ஊற்றினார். பிறகு முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, கையில் ஒரு கிளாஸ் டீ கொடுத்தார்.

"குடிக்காதீங்கக்கா. சும்மா பிடிச்சிருங்க. அண்ணே, இடது பக்கம் திருப்புங்க."

திருப்பினார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. எண்ணெயில் காற்று இருக்கிறது என்று யாசின் சொன்னார். இடது கடைசிவரை, வலது கடைசிவரை என்று திருப்பிக்கொண்டே இருந்தார்கள். எண்ணெயில் குமிழி நின்றபோது என் கை என்னிடம் இல்லாமல் போனது. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டதுபோல் இருந்தது. கிளாஸ் விழுந்து உடைந்தது.

"சேர்ந்துடுச்சு," என்றார் யாசின். இன்னொரு டீ சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். "எப்பவாவது தாங்கலைன்னா, மனசுக்குள்ள வேணாம்னு சொல்லுங்க. உங்க கை உங்களுக்கு வந்துடும். அங்க ஸ்டீயரிங் இறுகிடும். அவ்ளோதான்."

வாழ்க்கை கொஞ்சம் மாறியது. நேர் ரோட்டில் அவர் போகும்போது தைப்பேன். திருப்பம் வந்தால் கை போய்விடும். மிஷின் நிற்கும். கை திரும்பி வந்ததும் விட்ட இடத்திலிருந்து தைப்பேன். கை போகும் நீளத்தை வைத்து அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வேன். ஆலமரத்தடித் திருப்பம் குட்டையானது. பள்ளிக்கூடத் திருப்பத்தில் வலது கை மட்டும் சற்று முன்பே போய்விடும். சோறு வடிக்கும் வேலையை அவர் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கும் நேரத்துக்கு ஒதுக்கினேன்.

ஒரு வாரம் கழித்து, கை போவது குறைந்துவிட்டதைக் கவனித்தேன். அன்று சாயங்காலம் வண்டியைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் முள் கீறியிருந்தது. பம்பரில் யாரோ வீட்டு வேலி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நேராவே ஓட்டுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் வேலிக் குச்சியை உருவிக்கொண்டே, "நீ கொதிக்கிற குழம்பைத் தூக்கிட்டு இருந்தா?" என்றார்.

"தூக்க மாட்டேன்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம். திரும்புற இடத்துல திரும்புங்க. கையைக் குடுத்தது நானு. அதை நீங்க வாங்காம போனா எனக்குக் கேவலமா இருக்கு."

அவர் அந்தக் குச்சியை உருவி எடுத்துக் கீழே போட்டார். மறுநாளிலிருந்து திரும்பினார்.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்தது. ஒரு மத்தியானம் மேலூரிலிருந்து போன் வந்தது. மங்கை என்ற பெண்ணுக்குக் காலையிலிருந்து வலி. தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது என்று மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். வேடியப்பன் சாப்பாட்டுத் தட்டில் கை கழுவினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"எதையும் தூக்காத," என்றார்.

நான் மிஷினை மூடிவிட்டுச் சுவரோரம் பாய் போட்டு உட்கார்ந்தேன். ஏறும்போது எல்லாம் சரியாக இருந்தது. இறங்க ஆரம்பித்தபோது, உப்புப்பாறைத் திருப்பத்தில் கை போனது. திரும்பி வரவில்லை.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் நெருப்புப்பெட்டி கேட்டு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டு நெருப்புப்பெட்டியை மறந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க இருக்காரு?"

"உப்புப்பாறை. ரோட்டுல பாதி சரிஞ்சிருக்கும்போல. முன்னாடி எடுக்கறாரு, பின்னாடி எடுக்கறாரு."

இடது, வலது, மறுபடி இடது. ஒவ்வொரு திருப்பலுக்கும் என்னிடமிருந்து கொஞ்சம் போனது. கை முடிந்து தோள் போனது. தோள் முடிந்து முதுகு போனது. நான் சாய்ந்தேன். கோவிந்தம்மாள் எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து என்னைத் தன் நெஞ்சோடு நிறுத்திக்கொண்டாள். கழுத்து போனது. தலையை அவள் பிடித்துக்கொண்டாள்.

பிறகு மூச்சைக் கேட்டது.

வேணாம் என்று ஒரு சொல் போதும் என்பது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்தச் சொல் நாக்குக்கு அடியிலேயே இருந்தது. நான் மங்கையைப் பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு ரவிக்கை தைத்திருக்கிறேன், வளைகாப்புக்கு. அளவு ரவிக்கை மட்டும்தான் வந்தது. தோள் மிகவும் குறுகலாக இருந்தது. சின்னப் பெண் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"என்ன பூங்காவனம், வேணாம்னு சொல்லிடறியா?" என்று கோவிந்தம்மாள் காதருகே கேட்டாள்.

"எடுத்துக்கட்டும்," என்றேன். அதைச் சொன்னதும் மூச்சு போனது.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கோவிந்தம்மாள் என் நெஞ்சில் கைவைத்து, தன் மூச்சைப் பெரிதாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வழி காட்டுகிறவள்போல. கூரையில் மழை விழுந்தது. பிறகு வலது கையின் சுண்டுவிரல் என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு மூச்சு. ஒவ்வொன்றாக எல்லாம் வந்தன.

"நேர் ரோடு," என்றேன்.

கோவிந்தம்மாள் என் தலையை மெல்லப் பாயில் வைத்துவிட்டு, எழுந்து போய் அழுதுவிட்டு, அடுப்பு பற்ற வைத்தாள்.

அவர் வீடு வந்தபோது மழை விட்டிருந்தது. மங்கைக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள், பெண் குழந்தை, இரண்டு உயிரும் நல்லபடி என்றார். சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். என் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, புதிதாக வாங்கி வந்த பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரொம்ப எடுத்துட்டனா?"

"கொஞ்சம்தான்."

"பொய் சொல்ற."

"ஆமா."

அவர் சோறு பிசைந்து ஊட்டினார். கை எனக்கு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

விடிந்து வாசல் தெளிக்கப் போனபோது உப்புப்பாறைத் திருப்பம் எங்கள் வாசலில் கிடந்தது. இரவு வண்டிக்குப் பின்னாலேயே வந்திருக்க வேண்டும். ஓரக்கல்லும், சரிந்த மண்ணும், ஒலி எழுப்பவும் என்ற மஞ்சள் பலகையும் அப்படியே இருந்தன. மேலே அந்த இடத்தில் இப்போது ரோடு நேராகப் போகிறது என்று முனிரத்தினம் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வேடியப்பன் அதைச் சுற்றி வந்து, பள்ளத்துப் பக்கம் ஆடு விழாமல் இரண்டு கழி நட்டார். நான் மிச்சமிருந்த இடத்தில் கோலம் போட்டேன்.

சற்று நேரத்தில் கோவிந்தம்மாள் வந்தாள். பலகைக்கு அருகே நின்று, வாயாலேயே ஒருமுறை ஹாரன் அடித்து, எதிரில் எதுவும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, இடது ஓரமாகவே நடந்து உள்ளே வந்தாள்.