கம்பவுண்டரின் கையெழுத்து

பட்டாளத்துத் தாத்தாவின் பேரன் என்று ஐம்பது வருடமாக மீசையை முறுக்கிக்கொண்டிருந்த தையல்காரர், அந்தத் தாத்தாவின் வம்சத்தைத் தேடி ராணுவ ஓய்வூதியக் காப்பகத்துக்கே வந்துவிட்டார். பழைய கோப்பைப் பிரித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாத்தா போரில் செத்து ஏழு வருடம் கழித்துத்தான் தையல்காரரின் அப்பாவே பிறந்திருக்கிறார்!

மறுமணம் செய்துகொண்டால் விதவைக்கு ஓய்வூதியம் நின்றுவிடும். அதனால் பாட்டி வருடம் தவறாமல் ஒரு சான்றிதழ் கொடுத்திருக்கிறாள். இருபத்திரண்டு தாளிலும், ‘இந்த அம்மாள் மறுமணம் செய்துகொள்ளவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும்’ என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் ஒரே ஆள், ஒரு கம்பவுண்டர். பாட்டியின் விலாசமும் அவருடைய விலாசமும் ஒன்றாகவே இருந்தன.

“ஒரே வீட்டுல இருந்துட்டுத் தெரியாமலா போகும்!” தையல்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம்போல மீசைக்குப் போன கை பாதி வழியிலேயே நின்றது.

“என்ன சார், தேடி வந்த ஆள் கிடைச்சாரா?” என்று கேட்டாள் காப்பகத்து எழுத்தர்.

“கிடைச்சாரும்மா. ஆனா ஆள்தான் வேற,” என்றார் அவர். “கம்பவுண்டருங்களோட பழைய ரிக்கார்டெல்லாம் எந்த ஆபீஸ்ல இருக்கும்?”