சிஸ்டர் சென்னியப்பன்

…சென்னியப்பன்தான், வேறென்ன சொல்வது, கோட்டில் குத்தியிருக்கும் கறுப்பு வில்லையில் அப்படித்தானே இருக்கிறது, சிஸ்டர் சென்னியப்பன் என்று பிரெஞ்சில், அதற்குக் கீழே சபையின் நீளமான பெயர்… காய்கறிக் கடை வள்ளிநாயகி அக்கா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இது ஆம்பிளையள்ரை பேரெல்லோ பிள்ளை?" என்று கேட்டதும் ஹரிப்பிரியாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அப்பா பேருங்க்கா, பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, நமக்கேது குடும்பப் பெயர், அப்பா பெயரை எழுதினேன், எங்கள் மார்மன் சபையில் ஊழியத்துக்கு வந்தவர்களை அந்தப் பெயரில்தான் கூப்பிடுவார்கள் என்று விளக்கினால், அக்காவுக்கு அது எடுபடவே இல்லை. "வடிவான பேர் வைச்சிருக்கிறீர், பிறகேன் கொப்பரைக் கொண்டு திரியிறீர்?" என்றாள். கொப்பர் என்றால் அக்கா ஊர்ப் பேச்சில் அப்பா. அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, "தேத்தண்ணிதான் குடிக்கமாட்டியள், இந்தாங்கோ இஞ்சி போட்ட சுடுதண்ணி" என்று இரண்டு குவளையை நீட்டினாள். முதல் மாதம், சபையில் தேநீர் கூடாது என்று மறுத்ததற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட அதே அக்காதான். கூட ஊழியத்துக்கு வந்திருக்கும் தெஹெய் அதற்குள் ஓர் ஈரப்பலாக்காயைக் கண்டுபிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள், அவள் தஹீத்தித் தீவுக்காரி, அவள் ஊரில் அதுதான் சோறு மாதிரி, பாரீஸில் இந்த லா ஷப்பேல் தெருவில் அது கிடைக்கும் என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லையாம்.

திங்கட்கிழமை என்றால் ஓய்வு நாள், துணி துவைக்க, காய் வாங்க, பதினோரு மணிக்கு வீட்டுக்குப் பேச. வாரத்துக்கு ஒரே ஒரு தடவை. தலைக்கு மேலே மெட்ரோ தடதடத்துக்கொண்டு போயிற்று, பிப்ரவரிக் குளிருக்கு இரண்டு கோட்டு போட்டும் தெஹெய் நடுங்கினாள், ஹரிப்பிரியாவுக்கு என்னவோ மனசு நிறைந்து இருந்தது, கையில் கறிவேப்பிலை, வயிற்றில் இஞ்சித் தண்ணீர், பதினெட்டு மாதத்தில் எட்டு முடிந்தது, இந்தத் தெருவை விட்டு வேறு ஊருக்கு மாற்றாமல் இருந்தால் போதும்… கொப்பரைக் கொண்டு திரியிறீர். உண்மைதானே! பழனியைத் தாண்டிப் போகாத மனுஷன் பாரீஸ் முழுக்கச் சுற்றுகிறார், ஞாயிற்றுக்கிழமை சபையில் அத்தனை பேரும் சென்னியப்பான், சென்னியப்பான் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறார்கள், பல் டாக்டர் கிளினிக்கில்கூட அவரைத்தான் உள்ளே வரச்சொன்னார்கள். கோயம்புத்தூர் கணபதியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் தன் பட்டறையில் யார் எங்கிருந்து பெயர் சொல்லிக் கத்தினாலும், குனிந்த தலை நிமிராமல் "வந்துட்டனுங்க!" என்பார், அது அவர் வாயில் தானாக வரும், வீட்டில் தூக்கத்தில்கூடச் சொல்வார்.

அவளும் அம்மாவும் நாலு வருஷத்துக்கு முன்னால் சபையில் சேர்ந்தபோது ஒரு வார்த்தை தடுக்கவில்லையே, ஞாயிறு தவறாமல் அவரே வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஊழியத்துக்குக் கடிதம் வந்த அன்றைக்குத்தான், "பி.எஸ்சி. படிச்ச புள்ள சீமைக்குப் போய்க் கதவு தட்டோணுமா?" என்று கேட்டார், அதோடு சரி. விமான நிலையத்துக்கு வந்தார், காயிலுக்குச் சுற்றும் வெள்ளை நாடாவைப் பெட்டியின் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினார். அத்தனை பெட்டிகளுக்கு நடுவே இங்கே அதை ஒரே பார்வையில் எடுத்தாள். எட்டு மாதம், முப்பத்துச் சொச்சம் திங்கட்கிழமை, ஒரு தடவைகூடப் பேசவில்லை, சாப்டியா என்று ஒரு வார்த்தை, அதைத்தானே தினமும் முழங்காலில் நின்று கேட்கிறாள்… வீடு வந்துவிட்டது. லிப்ட் இன்றைக்கும் ஓடவில்லை, பொத்தானை அமுக்கினால் மேலே மோட்டார் உர்ரென்று உறுமிவிட்டு அடங்கிவிடுகிறது, ஐந்து மாடி, ஈரப்பலாக்காயை ஆளுக்கு ஒரு மாடி தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

அங்கே மணி மூன்றரை. வீடியோ காலில் அம்மா எப்போதும் போலச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள், பின்னால் காலண்டர். "அப்பா?" என்றாள் ஹரிப்பிரியா, கேட்காமல் இருக்க முடிவதில்லை. "பட்டறைக்குப் போயிட்டாரு கண்ணு, திங்கக்கெழம வேற" என்றாள் அம்மா, வாரா வாரம் சொல்வதுதான், சொல்லிவிட்டுக் கண்ணை இடப்பக்கம் திருப்பிக்கொள்வாள், அந்தப் பக்கம் டிவி இருக்கிறது, சத்தத்தைக் குறைத்துவிட்டு சீரியல் பார்க்கிறாளோ என்று இவளுக்குச் சந்தேகம் உண்டு. அம்மாவும் வரவர ஒரு மாதிரிதான் ஆகிவிட்டாள், மெட்ரோ படியில் வழுக்கி விழுந்ததைச் சொன்னபோது, ஐயோ என்று பதறிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "எந்தக் காலு?" என்றாள், போன மாதம் ஒரு நாள், அந்த ஊரில் கரண்டு எத்தனை வோல்ட்டு என்றாள், இன்னொரு நாள் லிப்டுக்கு மோட்டார் மேலேயா கீழேயா என்று கேட்டாள், மிக்சி சுவிட்சைத் தொடவே பயப்படுகிற அம்மா! இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இன்றைக்கு வள்ளிநாயகி அக்கா கேட்டதைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள், அதற்குள் சமையலறையிலிருந்து தெஹெய், ஈரப்பலாக்காயில் கத்தி இறங்கவில்லை போலிருக்கிறது, பொறுமையிழந்து கத்தினாள், "சென்னியப்பான்!"

"வந்துட்டனுங்க!"

போனுக்குள்ளிருந்து. அம்மாவுக்கு இடப்பக்கமிருந்து, கை நீட்டினால் எட்டுகிற தூரத்திலிருந்து. ஒரு நாற்காலி கிறீச்சிட்டு நின்றது, அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பா பயமா தெரியவில்லை. அப்படியென்றால் பட்டறை? திங்கட்கிழமை மூன்றரைக்கு… காய்ச்சலுக்குக்கூட ஷட்டரை இறக்காத மனுஷன்… இன்றைக்கு மட்டும்தானா? எந்தக் காலு. எத்தனை வோல்ட்டு. மேலேயா கீழேயா. அதெல்லாம் அம்மாவின் கேள்வியா என்ன? ஐயோ அப்பா, முப்பத்துச் சொச்சம் திங்கட்கிழமையும் இவள் அவரிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், தெரியாமல். அப்பா என்று கூப்பிடலாமா? கூப்பிட்டால் எழுந்து போய்விடுவாரோ? தெஹெய் கத்தியோடு வாசலில் வந்து நின்று, இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஹரிப்பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மா," என்றாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க, "இங்க லிப்டு ரெண்டு நாளா ஓடறதில்ல, மோட்டாரு உர்ர்ருனு ஒரு சத்தம் போட்டுட்டு நின்னுக்குது, அது என்னவா இருக்கும்?"

அம்மாவின் கண் மெல்ல இடப்பக்கம் போயிற்று.